ஐந்து விரல் பாடம்

ராஜாக்கண்ணு இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை. அதற்குள் இங்கே பாடைக்கு மூங்கில் பிளக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒவ்வொரு வெட்டு விழும்போதும் சரிதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசலில் போட்ட பந்தலுக்குக் கீழே, வாடகைக்கு வந்த ஃப்ரீசர் பெட்டிக்குள் அப்பா வடிவேலு படுத்திருந்தார். கண்ணாடி மேல் நீர் பூத்துக்கொண்டே இருந்தது. துப்பட்டாவால் துடைத்தால் அப்பாவின் முகம் தெரியும், மூக்கில் வைத்த பஞ்சு தெரியும். நாலு நிமிடம் போனால் மறுபடியும் மங்கிவிடும். விடிந்ததிலிருந்து அவளுக்கு இது ஒன்றுதான் வேலை.

"மணி ரெண்டாவப் போவுது. நாலுக்கெல்லாம் எடுத்துரணும்," என்றார் அம்மாவின் தம்பி ஏகாம்பரம். "மேளக்காரங்க சாயங்காலம் ஒடுகத்தூர்ல இன்னொரு சாவுக்குப் போவணும்ன்றாங்க."

"ராஜாக்கண்ணு வரட்டும் மாமா. பக்கத்து வூட்டு அஜய் பைக் எடுத்துக்கினு இட்டாரப் போயிருக்கான்."

"வரலன்னா?"

"அவரு வராம எடுக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டுப் போயிருக்காரு."

"போறவரு ஆயிரம் சொல்லுவாரு பாப்பா. சொல்லிட்டு அவரு நிம்மதியா படுத்துக்கினாரு. வர்றவனுக்கு பதில் சொல்றது யாரு? நீயா, நானா?"

மாமா அதைக் கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். அத்தனை கூட்டத்தில் அந்தப் பயம் நாலே பேருக்குத்தான் இருந்தது: அம்மா, மாமா, அண்ணன் பூவரசன், சரிதா.

ஊருக்குத் தெரிந்த கதை இது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் வடிவேலு மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஜவ்வாது மலையிலிருந்து சாமையும் புளியும் சீதாப்பழமும் ஏற்றிக்கொண்டு சந்தைக்கு இறங்குகிற வண்டி. ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்தில், மலைப்பாதை மூன்றாவது வளைவில், செல்லி என்ற மலைக்காரப் பெண்ணை அடித்துவிட்டார். செல்லி அங்கேயே போய்ச் சேர்ந்தாள். வண்டி பாறையில் மோதி வடிவேலுக்கு மண்டை உடைந்தது. பிழைத்து எழுந்து, கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஒரு வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. கடலை உடைக்கிற மல்லாட்டை மில்லில் மூட்டை தூக்கினார், முதுகு போகும்வரை. செல்லியின் புருஷன்தான் ராஜாக்கண்ணு.

ஊருக்குத் தெரியாத கதை ஒரே வரிதான். அன்றைக்கு வண்டியை ஓட்டியது பதினேழு வயதுப் பூவரசன்.

அந்தப் பூவரசன் இன்றைக்கு அரசு பஸ் டிரைவர். தினம் இரண்டு நடை, அதே வளைவில் ஏறி அதே வளைவில் இறங்குகிறான். இரண்டு பெண் குழந்தைகள். ஈர வேட்டியும் குறுக்கே போட்ட துண்டுமாக வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, மூங்கில் பிளக்கிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. ஆறுதல் சொல்ல யாராவது தோளைத் தொட்டால் திடுக்கிட்டான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவனோடு பேச்சுவார்த்தை இல்லாத ஆள் யாராவது இருந்தால், பாடையைத் தூக்குவதற்கு முன்னால் அவன் வந்து ஒரு பிடி வாய்க்கரிசி போட வேண்டும். போட்டுவிட்டால் பகை அத்தோடு போச்சு. போடாவிட்டால் செத்தவன் அதைத் தலையில் சுமந்துகொண்டே போவான் என்பார்கள். வரப்புத் தகராறு, பெண் கொடுக்காத தகராறு எல்லாம் இப்படித் தீர்ந்திருக்கிறது. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் வந்து போட்டதாகச் சரிதா கேள்விப்பட்டதில்லை.

நேற்று மத்தியானம், மூச்சு இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில், அப்பா கேட்டது அதைத்தான். "ராஜாக்கண்ணு வரட்டும். அவன் கையால அரிசி உழுந்தப்புறந்தான் என்னத் தூக்கணும்." சொல்லிவிட்டுச் சரிதாவின் கையை இழுத்து, கட்டைவிரலில் தொடங்கிச் சுண்டுவிரல்வரை அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். "நீ சொல்லிக் குடுத்தத நான் மறக்கல பாப்பா," என்றார்.

சரிதா எழுந்து தோட்டத்துப் பக்கம் ஓடி, துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். என்ன சொல்லிக் கொடுத்தோம் என்று அவளுக்கல்லவா தெரியும்!

அப்போது அவளுக்குப் பதினோரு வயது. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் கண் விழித்த அப்பாவுக்கு, விபத்து நடந்த நாள் மொத்தமும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. "நான் எங்க கீறேன் பாப்பா?" என்றுதான் கேட்டார். வார்டு வாசலில் ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெரியவர்கள் யாராவது அப்பா காதருகே குனிந்தால் எட்டிப் பார்ப்பார். இரட்டைப் பின்னல் போட்ட சின்னப் பெண் அப்பாவோடு பேசினால் யார் பார்க்கப் போகிறார்கள்?

அம்மா அவளைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அப்பாவுக்கு ஞாபகம் வர்லடி. ஆளு வர்றதுக்குள்ள அண்ணன் வூட்டுக்கு ஓடியாந்துட்டான். நீதான் சொல்லிக் குடுக்கணும். நீ சொன்னா நம்புவாரு. தெனம் சொல்லிக்கினே இரு. இல்லன்னா அண்ணன போலீசு புடிச்சிக்கினு போயிரும்."

பள்ளிக்கூடத்தில் டீச்சர் எதையும் விரல் மடக்கித்தான் மனப்பாடம் செய்யச் சொல்வார். சரிதாவுக்குத் தெரிந்த வழியும் அதுதான். கட்டைவிரலுக்கு, நான்தான் வண்டி ஓட்டுனேன். ஆள்காட்டி விரலுக்கு, மழை தூறிச்சி. நடுவிரலுக்கு, எதிர்ல லாரி லைட்டு கண்ணக் கூசிச்சி. மோதிர விரலுக்கு, பிரேக் புடிச்சேன், வழுக்கிடுச்சி. சுண்டுவிரலுக்கு, பூவரசு வூட்ல இருந்தான்.

"கட்டைவிரல் சொல்லுப்பா."

"நான்தான்... நான்தான் இன்னா பாப்பா?"

"வண்டி ஓட்டுனேன். எங்க, மறுபடி சொல்லு."

ஒன்பது நாள் அந்தப் பள்ளிக்கூடம் நடந்தது. பத்தாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்தபோது அப்பா ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தார். போர்வைக்கு அடியில் அவர் விரல்கள் ஒவ்வொன்றாய் மடங்குவதைச் சரிதா மட்டும் பார்த்தாள். அப்போது அவளுக்குப் பெருமையாக இருந்தது. அதுதான் கொடுமை. அம்மா அன்றைக்கு அவளுக்கு ஒரு மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தாள். அதையும் ரசித்துத்தான் தின்றாள்.

விவரம் தெரிந்த பிறகுதான் தின்றது செரிக்காமல் போனது. சென்னையில் உளவியல் படிக்கப் போனவளுக்கு, பேராசிரியர் அருணா இரண்டாவது வாரமே பாடம் எடுத்தார். ஞாபகம் என்பது எடுத்து வைத்த ஃபோட்டோ இல்லை, நினைக்கும் ஒவ்வொரு தடவையும் மூளை அதைப் புதிதாகக் கட்டுகிறது, அதில் கொஞ்சம் சேரும், கொஞ்சம் உதிரும், பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லிச் சொல்லி நடக்காத ஒன்றைக்கூட நடந்ததாக நினைக்க வைத்துவிட முடியும் என்றார். மற்றவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். சரிதா எழுந்து போய் வாந்தியெடுத்துவிட்டு வந்தாள்.

ஆய்வுக்கும் அதையே எடுத்தாள். தனக்கே நினைவில்லாத ஒரு சம்பவத்தை வீட்டார் சொல்லிச் சொல்லி நம்பியவர்கள், அதுதான் தலைப்பு. அடிவாரத்து ஊர்களில் நாற்பத்தொரு பேரை வருஷத்துக்கு ஒரு முறை பேச வைத்துப் பதிவு செய்தாள். பதினேழாவது ஆள் அப்பா. இவர் தான் செய்யாத குற்றத்தைத் தானே செய்ததாக முழுதாக நம்புகிறார் என்று எழுதினாள். சொல்லிக் கொடுத்தது யார் என்று எழுதவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை; மறைத்தாள்.

அருணா மேடம் அந்தப் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி போட்டிருந்தார். "மற்ற நாற்பது பேர் கதையும் ஒவ்வொரு தடவை கொஞ்சம் மாறுகிறது. இவர் கதை மட்டும் மூன்று பதிவிலும் ஒரு சொல்கூட மாறவில்லையே, ஏன்?" நம்பிக்கை அவ்வளவு ஆழமாக வேர் விட்டுவிட்டது என்று சரிதா பதில் எழுதினாள். மேடம் அதற்குக் கீழே "அப்படியா?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

மூன்று மணிக்கு அப்பாவைப் பெட்டியிலிருந்து எடுத்தார்கள். குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, கைக் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துத் துணியால் முடிந்து, பாடைமேல் கிடத்தினார்கள். அந்த இடைவெளியில் அம்மா சரிதாவின் மணிக்கட்டைப் பிடித்துச் சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். காலையிலிருந்து அழுத முகம். கண்ணில் மட்டும் இப்போது ஈரம் இல்லை.

"அவன் வருவான். அரிசியப் போடுவான். போவான். நீ வாயத் தொறக்காத."

"கேட்டா இன்னாம்மா சொல்றது?"

"அவன் இன்னாத்தடி கேக்கப் போறான்? பதினஞ்சு வருசமா கேக்காதவன்." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "ஒன் படிப்பு, ஒன் ஆராய்ச்சி எல்லாம் மெட்ராஸோட வச்சிக்க. இங்க ரெண்டு புள்ளைங்க கீது. அவன் உத்தியோகம் கீது. ஒங்கப்பா எதுக்கு ஜெயிலுக்குப் போனாரு? நெனச்சிப் பாரு."

"அவரு எதுக்குப் போனாருன்னு அவருக்கே தெரியாதும்மா. அதான் எனக்கு நெஞ்சு வேவுது."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வெளியே மேளம் சட்டென்று நின்றது. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

அஜய்யின் பைக்கிலிருந்து ராஜாக்கண்ணு இறங்கிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய ஒல்லி ஆள். ரப்பர் செருப்பைப் பந்தலுக்கு வெளியே விட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். மாமா செம்பில் தண்ணீரோடு ஓடினார்.

"தண்ணி குடிப்பா. மலையில இருந்து வந்துகீற."

"அப்பால ஆவட்டும்."

வழி விட்டார்கள். பாடையின் தலைமாட்டில் அண்ணி புவனா வாய்க்கரிசித் தட்டோடு நின்றாள். ராஜாக்கண்ணு தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளினார். கூட்டமே மூச்சு விட்டது. மாமா மேளக்காரர்களைப் பார்த்துத் தயாராக இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.  தீர்ந்தது, அப்பா கேட்டது கிடைத்துவிட்டது என்று சரிதா நினைத்தாள்.

ராஜாக்கண்ணு குனியவில்லை. மூடிய கையோடு நிமிர்ந்து, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இங்க பாப்பான்றது யாரு?"

யாருக்கும் புரியவில்லை. சரிதா முன்னால் வந்தாள்.

"நான்தாங்க," என்றாள்.

அவர் அவளை நன்றாகப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"ஒங்கப்பன் வருசா வருசம் எங்கூட்டுக்கு வருவாரு, அவ செத்த நாளு அன்னிக்கி. ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது. ஐப்பசியில் ஒருநாள் அப்பா விடியற்காலையே மலைக்குக் கிளம்புவார். சாமிக்கு நேர்ந்துகொண்டிருக்கிறேன் என்பார். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் வாய் பிளந்திருந்தது; அவளுக்கும் தெரியாது.

"ஜெயில்ல இருந்து வந்த வருசம் மொதோ தபா வந்தாரு. நான் கொடுவாள எடுத்துட்டேன். ஓடல. சொல்லிட்டுப் போயிர்றேன்னாரு. சொன்னாரு. நான்தான் வண்டி ஓட்டுனேன், மழை தூறிச்சி, எதிர்ல லாரி லைட்டு கண்ணக் கூசிச்சி, பிரேக் புடிச்சேன், வழுக்கிடுச்சி. அடுத்த வருசம் வந்தாரு. அதே சொல்லு. அதுக்கடுத்த வருசமும் அதே சொல்லு. ஒண்ணு கூடல, ஒண்ணு கொறையல."

"அதான் உண்மைன்னா அதத்தான சொல்லுவாரு?" என்றார் மாமா.

"நீ இருப்பா." ராஜாக்கண்ணு மாமா பக்கம் திரும்பவே இல்லை. "நான் எழுத்து படிக்காதவன் பாப்பா. ஆனா கண்ணால பாத்தவன் எப்பிடிச் சொல்லுவான்னு எனக்குத் தெரியும். பாத்தவன் தடுமாறுவான். இல்ல இல்ல, அதுக்கு முந்தி அப்பிடின்னு திரும்பி வருவான். இந்த வருசம் ஒண்ணு ஞாபகம் வரும், அடுத்த வருசம் ஒண்ணு உட்டுப்பூடும். ஒங்கப்பன் தடுமாறவே இல்ல. பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி வெரல மடக்கி மடக்கி ஒப்பிச்சாரு."

சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை என்று ஊரில் சொல்வார்கள். நாற்பத்தொரு பேர், மூன்று வருஷம், அத்தனை புத்தகம். பென்சிலால் போட்ட அந்தக் கேள்விக்குப் பதில் மூன்றாவது வளைவுக்கு மேலே, ஒரு கூரை வீட்டில், இத்தனை நாளும் உட்கார்ந்திருந்திருக்கிறது. அப்பா நம்பவே இல்லை. அப்பா பாடம் படித்திருக்கிறார்.

"அப்பால இன்னொண்ணு. முடிக்கிறப்ப, பூவரசு வூட்ல இருந்தான்னு சொல்லுவாரு. நான் கேக்கவே இல்லியேம்மா. கேக்காத கேள்விக்கு எதுக்கு பதிலு?"

அம்மா பாடைமேல் விழுந்தாள். "என்ன உட்டுட்டுப் போனியே என் ராசா!" என்று அடிவயிற்றிலிருந்து ஓலம் எடுத்தாள். அது அழுகை இல்லை. ராஜாக்கண்ணுவின் பேச்சை அமுக்குகிற சத்தம் என்று சரிதாவுக்குத் தெரிந்தது. விஷயம் தெரியாத நாலு பெண்கள் கூடச் சேர்ந்து மாரில் அடித்துக்கொண்டார்கள். ராஜாக்கண்ணு அம்மாவுக்கு மூச்சு வாங்கி ஓய்கிறவரை, மூடிய கையோடு அப்படியே நின்றார்.

ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். "போன ஐப்பசில நானே கேட்டுட்டேன். யோவ், நமக்கும் வயசாவுது, மெய்யாலுமே நீதான் ஓட்டுனியா? சிரிச்சாரு. எங்க பாப்பா அப்பிடித்தாம்பா சொல்லிக் குடுத்துச்சின்னாரு. அது அத்தினி கஷ்டப்பட்டு சொல்லிக் குடுத்துச்சி, நான் மாத்தக் கூடாதுன்னாரு."

சரிதாவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. படுபாவி மனுஷா! எப்போது ஞாபகம் வந்தது உனக்கு? ஜெயிலிலா, கோர்ட்டிலா, இல்லை, அந்த ஒன்பது நாளிலேயேவா? கட்டைவிரல் சொல்லுப்பா என்று நான் நிற்கையில் எல்லாம் தெரிந்துகொண்டேதான் திணறுகிற மாதிரி திணறினாயா? ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் நான் தூங்கியிருப்பேனே. பாடையில் கிடந்த அந்த முகத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது அவளுக்கு.

"இந்த அரிசிய அவரு வாயில போடத்தான் வந்துகீறேன்," என்றார் ராஜாக்கண்ணு. "கேசு, கோர்ட்டுன்னு வர்ல. ஆனா பொய்யி மேல போட மாட்டேன். அவ கடைசில இன்னா சொன்னா? எனக்கு அது தெரியணும். பதினஞ்சு வருசமா அதத்தான் நெனச்சிக்கினு படுக்குறேன். ஓட்டுனவனுக்குத்தான் அது தெரியும்."

பந்தல் ஓரத்தில் நின்ற ஒருவன் செல்போனைத் தூக்கினான். மாமா பாய்ந்து போய் அதைத் தட்டிவிட்டார். அது கீழே விழுந்த சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. அம்மா மறுபடியும் சரிதாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வளையல் சதையில் பதிந்தது.

"வாயத் தொறந்தேன்னா நீ எனக்குப் பொண்ணே இல்ல," என்று பல்லுக்குள் சொன்னாள்.

சரிதா வேப்பமரத்தைப் பார்த்தாள். பூவரசன் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெரிய மகள் எங்கிருந்தோ வந்து அவன் முதுகில் சாய்ந்து நின்றாள். ஒரு பெயர்தான். சொன்னால் முடிந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அடுத்தவர் வாயில் வார்த்தையைத் திணித்து அவள் பட்டது போதாதா? அண்ணன் வாயில் இருக்க வேண்டியதை இவள் பிடுங்கிச் சொன்னால் அதுவும் இன்னொரு பாடம்தான்.

கையை அம்மாவிடமிருந்து உருவிக்கொண்டாள்.

"எங்கப்பா ஓட்டலங்க," என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "அவர்தான் ஓட்டுனாருன்னு ஒம்பது நாளு ஆஸ்பத்திரில ஒக்காந்து சொல்லிக் குடுத்தது நான். லாரி வந்துச்சின்னு சொல்லிக் குடுத்ததும் நான்தான். எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். நான் வண்டில இல்ல."

 அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேளக்காரர்களில் ஒருவர் கையிலிருந்த குச்சியைச் சத்தமில்லாமல் இடுப்பில் செருகிக்கொண்டார். ராஜாக்கண்ணு தலையை ஆட்டினார். அதற்கு மேல் அவளை எதுவும் கேட்கவில்லை. எதையோ எதிர்பார்த்துச் சும்மா நின்றார். மணி நாலைத் தாண்டியது.

"மழை இல்ல."

வேப்பமரத்தடியிலிருந்து வந்த குரல். பூவரசன் எழுந்து நின்றிருந்தான். மகளை மெதுவாக விலக்கி நிறுத்திவிட்டுப் பந்தலுக்குள் வந்தான்.

"மழையே இல்ல அன்னிக்கி. லாரியும் வர்ல. வெயிலு அடிச்சிது... இல்ல, வெயிலு எறங்கிடுச்சி. வெளிச்சம் இருந்துச்சி. நல்லா தெரிஞ்சிது. அப்பா தூங்கிட்டாரு. இல்ல, மொதல்ல பேசிக்கினுதான் வந்தாரு. நான்தான் கேட்டேன், ஓட்றேன்னு. ரெண்டு வளைவு மட்டும்னாரு. ரெண்டு தாண்டிடுச்சி. அவரு தூங்கிட்டாரு, நான் எழுப்பல."

ராஜாக்கண்ணுவின் கண் அவனை விட்டு நகரவில்லை.

"அந்தம்மா ஓரமாத்தான் போச்சி. தலைல மூட்டை. ரெண்டு பேரு போனாங்கன்னு நெனச்சேன்... இல்ல, ஒருத்தர்தான். நெழலு. நான் குனிஞ்சி கியரப் பாத்தேன். அவ்ளோதான் பாத்தேன். நிமிந்தா..." பூவரசனின் கை கியர் போடுவது மாதிரி நகர்ந்து நின்றது. "ஹாரனாச்சும் அடிச்சிருக்கலாம். அடிக்கல."

சரிதா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒவ்வொரு 'இல்ல'வுக்கும் அவளுக்குள் ஏதோ அவிழ்ந்தது. மடக்க ஒரு விரல்கூட இல்லாத பேச்சு. முன்னும் பின்னும் மோதிக்கொண்டு வந்தது.

"அப்பாவுக்குப் பேச்சு மூச்சு இல்ல. நான் எறங்கி அந்தம்மாகிட்ட ஓடுனேன். அவங்க உயிரோடதான் இருந்தாங்க. கண்ணு தொறந்து என்னப் பாத்தாங்க."

"இன்னா சொன்னா?"

"தண்ணி வேணுமான்னு கேட்டேன். வேணான்னாங்க. மூட்டை கிழிஞ்சிடுச்சி பாரு தம்பி, சாமையெல்லாம் கொட்டிக்கீது, வாருன்னாங்க. நான் அழுதேன். அழுவாத, மொதல்ல வாரு, மாடு வந்து மேஞ்சிரும்னாங்க."

ராஜாக்கண்ணு ஓரடி கிட்டே வந்தார். "வாருனியா?"

"வாருனேன். துண்டுல... இல்ல, சட்டையக் கழட்டி அதுல வாருனேன். மண்ணும் சேந்து வந்துச்சி. கொஞ்சந்தான் வார முடிஞ்சிது. இந்தாங்கன்னு திரும்பிக் காட்டுனேன். அதுக்குள்ள..." அவன் அங்கேயே நிறுத்திக்கொண்டான்.

ராஜாக்கண்ணு துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"அவதான்," என்றார் கடைசியில், யாருக்கோ சொல்வது போல. "ஒரு மணி சிந்த உட மாட்டா. நானே எத்தினி தபா ஏச்சு வாங்கிகீறேன்."

பிறகு பாடையருகே குனிந்தார். இவ்வளவு நேரம் இறுக்கிப் பிடித்திருந்ததில் அரிசி வியர்வையில் கட்டியாகி உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பாவின் உதட்டின் மேல் கையை விரித்து மெதுவாகத் தட்டினார். கொஞ்சம் வாயில் விழுந்தது. கொஞ்சம் மோவாயில், கொஞ்சம் சேர்த்துக் கட்டிய விரல்களின் மேல். மீதி தரையில் சிந்தியது.

மாமா மணி பார்த்தார். "தூக்கலாமா?" என்று கேட்க வாயெடுத்தவர், பூவரசனைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்.

பூவரசன் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தான். பாடைக்கு அடியில் கையை விட்டு, சிந்தியிருந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஈர வேட்டியின் மடியில் போட்டுக்கொண்டிருந்தான். மூங்கில் சிராய்க்கும் மண்ணுக்கும் நடுவில் தேடித் தேடிப் பொறுக்கினான். ராஜாக்கண்ணு தலைமாட்டிலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோ," என்றார் குனிந்து, விரலால் காட்டி. "அந்தாண்ட ரெண்டு கீது பாரு."